பழைய இன்ஜினில் ஃப்ளைவீல் எடை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஃப்ளைவீல் என்பது கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பூட்டிய கனமான சக்கரம். அதில் கை வைக்க வேண்டுமானால் பெரும்பாலான பழைய வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். சிலவற்றில் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அப்படி இறக்கி, லேத்தில் கொடுத்து நாலு கிலோ கடைந்து, மறுபடி ஏற்றிய பிறகும் பழைய கோளாறு அப்படியே இருந்தால், கடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் முதலில் வருகின்றன. ஸ்பேனர் அதற்கு அப்புறம்தான்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃப்ளைவீல் சக்தியை உண்டாக்குவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கிறது. நாலு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் 180 டிகிரிக்கு ஒரு முறை எரிதல் நடக்கிறது. ஒற்றை சிலிண்டரில் 720 டிகிரிக்கு ஒரே முறை. இடைப்பட்ட நேரத்தில் பிஸ்டனை அமுக்க ஸ்ட்ரோக்கைத் தாண்ட வைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம். எடையைக் குறைத்தால் குதிரைத்திறன் அதிகரிக்காது, ஒரே சீரான வேகத்தில் மேடேறும் இழுவையும் மாறாது. மாறுவது மூன்று: வேகம் ஏறி இறங்கும் சுறுசுறுப்பு, ஐட்லிங்கின் நிதானம், வண்டி புறப்படும் விதம். இன்னொன்றும் உண்டு. கனமான ஃப்ளைவீல் இன்ஜினின் குறைகளைப் போர்வை போட்டு மூடிவிடும். லேசாக்கினால் அந்தப் போர்வை விலகும். "கடைந்ததால் இன்ஜின் கெட்டது" என்று சொல்லப்படும் வண்டிகள் பலவற்றில் குறை முன்பே இருந்திருக்கிறது, தெரியவில்லை என்பதுதான் உண்மை.

எடையை விட எடை இருக்கும் இடம்

கணக்கில் வருவது நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழலும் பொருள் வேக மாற்றத்தை எதிர்க்கும் அளவு (கீழே சுருக்கமாக நிலைமம்). ஒரு துண்டு இரும்பின் பங்கு, அதன் எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. மையத்திலிருந்து 130 மி.மீ. தள்ளி இருக்கும் ஒரு கிலோவின் பங்கு 0.0169 கிலோ-ச.மீ. அதே ஒரு கிலோ 60 மி.மீ. தொலைவில் இருந்தால் 0.0036 மட்டுமே, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. ஆகவே "மூன்று கிலோ குறைத்தோம்" என்று சொன்னால் பாதி விவரம்தான் கிடைக்கிறது. எங்கிருந்து குறைத்தார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

வண்டி ஓடும்போது இது எப்படி உணரப்படுகிறது? 12 கிலோ எடை, 280 மி.மீ. விட்டம் உள்ள ஃப்ளைவீலுக்கு நிலைமம் ஏறக்குறைய 0.12 கிலோ-ச.மீ. முதல் கியரின் மொத்த விகிதம் 14.8, சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஃப்ளைவீலைச் சுழற்றி வேகமெடுக்க வைப்பது, முதல் கியரில் வண்டியில் கூடுதலாக 290 கிலோ ஏற்றியதற்குச் சமம். டாப் கியரில் விகிதம் 4.1 என்றால் அதே ஃப்ளைவீல் 22 கிலோவுக்குத்தான் சமம். இந்த இரண்டு எண்களும் கீழே பல இடங்களில் கைகொடுக்கும்.

அறிகுறி 1: ஐட்லிங் நிற்கவில்லை, ஆடுகிறது, சிக்னலில் ஆஃப் ஆகிறது

எடை குறைத்த பிறகு மிக அதிகமாக வரும் புகார் இது. பாதிக்கு மேல் ஸ்க்ரூடிரைவரிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு சுற்றுக்குள் வேகம் ஏறி இறங்கும் அளவு, நிலைமம் குறைந்தால் அதிகரிக்கும். இன்ஜின் வேகம் ஏறினால் அதன் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். நிலைமத்தை 40 சதவீதம் குறைத்திருந்தால், பழைய அளவு நிதானம் வர ஐட்லிங்கை ஏறத்தாழ 1.3 மடங்கு உயர்த்த வேண்டும். 650 ஆர்பிஎம்மில் அமைதியாக நின்ற இன்ஜினுக்கு இப்போது 840 வேண்டும். பழைய கையேட்டில் 650 என்று அச்சாகியிருக்கிறது என்பதற்காக அங்கேயே நிறுத்தப் பார்ப்பது வீண் போராட்டம்.

900 வரை உயர்த்தியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஃப்ளைவீலை விட்டுவிட்டு இந்த வரிசையில் போங்கள்:

1. டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி), இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, பிளக் இடைவெளி மூன்றையும் அந்த இன்ஜினுக்குரிய அளவில் வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததற்குப் போனால் எந்த முடிவையும் நம்ப முடியாது.

2. ஒவ்வொரு பிளக் ஒயராகத் துண்டித்து, கழற்றிய ஒயரின் முனையை இன்ஜின் உடலில் எர்த் செய்து, வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிலிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்றில் மட்டும் இறக்கம் குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டர் சோம்பேறி. கனமான ஃப்ளைவீல் இதைத்தான் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது. அங்கே கம்ப்ரஷன் பாருங்கள், வால்வு பாருங்கள்.

3. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் ஓரத்திலும் கார்புரேட்டர் ஃப்ளேஞ்சிலும் எண்ணெய்க் கேனால் ஒரு சொட்டு விடுங்கள். வேகம் மாறினால் காற்று கசிகிறது. சூடான எக்ஸாஸ்ட் மேல் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. எஸ்.யு. வகை கார்புரேட்டர் இருந்தால் அதற்குள் இருக்கும் பிஸ்டனை, தூக்குவதற்கென்று உள்ள சிறு பின்னைக் கொண்டு 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் லேசாக ஏறி அடங்கினால் கலவை சரி. ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே இறங்கினால் பெட்ரோல் போதவில்லை.

5. ஐட்லிங்கில் வேகுவம் கேஜ் (மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் காட்டும் மானி) முள் ஒரே தாளத்தில் மெல்லத் துடித்தால் அது லேசான ஃப்ளைவீலின் இயல்பு. தாளம் தப்பி வெட்டி வெட்டி இறங்கினால் வால்வு அல்லது இக்னிஷன் கோளாறு.

அறிகுறி 2: புறப்படும்போது உதறுகிறது அல்லது ஆஃப் ஆகிறது

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆஃப் ஆவது வேறு, உதறுவது வேறு.

கிளட்சை விடும்போது இன்ஜின் வேகம் சட்டென்று விழுந்து அணைந்தால் சேமிப்பு போதவில்லை என்று பொருள். சேமிப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 1000 ஆர்பிஎம்முக்குப் பதில் 1400 வைத்துப் புறப்பட்டால் கையிருப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். அப்படிச் செய்ததும் சரியானால் பிழை இல்லை, ஓட்டும் பழக்கம்தான் மாற வேண்டும். மேடு, செங்குத்தான கொண்டை ஊசி வளைவு, நாலு பேர் ஏறிய வண்டி என்று அடிக்கடி ஓடும் வண்டியாக இருந்தால் மட்டும் எடையை மீட்பதைப் பற்றி யோசிக்கலாம்.

வேகம் விழாமல் வண்டி முன்னும் பின்னும் தடதடவென்று உதறினால் கிளட்ச் பக்கம் போங்கள். பிளேட்டில் எண்ணெய், தேய்ந்த இன்ஜின் மவுன்டிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் சமமாக எழாத விரல்கள், ஃப்ளைவீல் முகத்தில் ஆட்டம் ஆகியவை காரணமாகலாம். 1400 வைத்துப் புறப்பட்டாலும் உதறல் போகவில்லை என்பதே இதற்கு அடையாளம்.

அறிகுறி 3: இன்ஜின் வேகமெடுக்க மறுக்கிறது; கியர் மாற்ற நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது

ஃப்ளைவீல் கனமாக இருக்கிறது என்று முடிவு கட்டும் முன் டாப் கியரில் ஓட்டிப் பாருங்கள். சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். அங்கேயும் சோம்பலாக ஏறினால் ஃப்ளைவீலுக்கு அதில் பங்கில்லை. டாப் கியரில் அது 22 கிலோ, பின்சீட்டில் ஒரு சிறு பிள்ளை உட்கார்ந்த கனம். அப்போது தேட வேண்டியவை: பின்தங்கிய டைமிங், இறுகிப்போன அட்வான்ஸ் எடைகள் (வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளுபவை), முழுதாகத் திறக்காத த்ராட்டில், அடைபட்ட சைலன்சர், ஒட்டிக்கொண்ட பிரேக்.

முதல், இரண்டாம் கியரில் மட்டும் சோம்பல், டாப்பில் நன்றாகப் போகிறது என்றால் ஃப்ளைவீல் மேல் சந்தேகம் நியாயமானது. இறங்கு நேரத்தை அளந்து பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானதும் நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டு, 1000 வரை இறங்க எத்தனை வினாடி என்று ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். எண் தனியாக எதையும் சொல்லாது. கடைந்த பிறகு அதே இன்ஜினில் அதே முறையில் எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு மாறியது என்று துல்லியமாகத் தெரியும். நேரம் நீண்டுகொண்டே போனால் த்ராட்டில் முழுதாக மூடவில்லை என்பதும் காரணமாகலாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானாகச் சமன்படுத்தும் அமைப்பு) இல்லாத கியர்பாக்ஸில், மேல் கியருக்குப் போகும்போது இன்ஜின் வேகம் இறங்கும்வரை நியூட்ரலில் காத்திருப்பது இயல்பு. காத்திருந்த பிறகும் பற்கள் உரசினால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. சோதனை எளிது: ஐட்லிங்கில் கிளட்சை மிதித்து, பத்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கறகறவென்று உரசல் கேட்டால் குறை கிளட்சில். இதற்காக ஃப்ளைவீலைக் கடைவது, தலைவலிக்குக் காலில் மருந்து தடவுவது போலாகும்.

ஃபோர்டு மாடல் ஏ போன்ற இன்ஜின்களில் ஃப்ளைவீல் ரிங் கியரோடு (ஸ்டார்ட்டர் பிடிக்கும் பல் வளையம்) சேர்த்து 28 கிலோவுக்கும் மேல். அவற்றை 18 கிலோ அளவுக்குக் கொண்டுவருவது பரவலாக நடக்கும் வேலை. சுமை வண்டியாகவும் நகர வண்டியாகவும் ஒரே இன்ஜின் ஓட வேண்டிய காலத்தில் வடிவமைத்தது என்பதால் அங்கே குறைக்க இடம் உண்டு. 700, 800 சி.சி. சிறிய இன்ஜின்களில் அந்தத் தாராளம் இல்லை.

அறிகுறி 4: வேகம் ஏற ஏற அதிர்வு கூடுகிறது

இங்கே அவசரப்படக் கூடாது. அதிர்வு எந்த விதத்தில் கூடுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மெல்ல வேகத்தில் குலுங்கி, வேகம் ஏற ஏற வழுக்கிக்கொண்டு போனால் மிஸ்ஃபயர். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, தாண்டியதும் மறைந்தால் மவுன்டிங் ரப்பர் அல்லது எக்ஸாஸ்ட் குழாய். நீளமான கிராங்க் உள்ள ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஃப்ளைவீலை மாற்றிய பிறகு, முன்பு இல்லாத ஒரு வேகத்தில் உறுமல் வந்தால் கிராங்கின் முறுக்கு அதிர்வு இடம் மாறியிருக்கலாம். ஃப்ளைவீல் எடை குறைந்தால் அந்த அதிர்வின் இயல்வேகம் சற்று மேலே போகும். அந்த உறுமல் வரும் வேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. கிராங்க் முறிவது அப்படித்தான். கிராங்கின் முன்பக்கத்தில் அதிர்வை அடக்கும் டேம்பரின் ரப்பர் செத்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் அதிர்வு, அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் நாலு மடங்காகும் அதிர்வு என்றால் எடைச் சமநிலைக் கோளாறு. 130 மி.மீ. ஆரத்தில் வெறும் 10 கிராம் கூடுதலாக இருந்தால் 2000 ஆர்பிஎம்மில் 57 நியூட்டன் இழுக்கும். 4000-ல் 228 நியூட்டன். அதாவது 23 கிலோ எடை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் பின் மெயின் பேரிங்கைத் திசைக்குத் திசை இழுப்பது போல. இரண்டே மெயின் பேரிங் உள்ள சிறிய பழைய இன்ஜின்களுக்கு இது கொடுமை.

எங்கே என்று பிரிக்கும் முறை:

வண்டி நின்ற நிலையில் நியூட்ரலில் மெல்ல ஏற்றுங்கள். நின்றபடி அதிர்வு இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சக்கரங்களும்தான் குற்றவாளிகள். நின்றபடியே அதிர்ந்தால், அதே வேகத்தில் கிளட்சை மிதியுங்கள். குறைந்தால் கிளட்ச் பிளேட் அல்லது கியர்பாக்ஸ் ஷாஃப்ட். குறையவில்லை என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் மறுபடி சோதியுங்கள். ஃபேனின் ஒரு இலை வளைந்திருந்தாலே இந்த அளவு அதிர்வு வரும். அதிலும் மாற்றமில்லை என்றால் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் கவர், கிராங்க் மூன்றில் ஒன்று.

திறந்ததும் முதல் வேலை, எதையும் கழற்றும் முன் கவர், ஃப்ளைவீல், கிராங்க் ஃப்ளேஞ்ச் மூன்றிலும் பஞ்ச்சால் குறி போடுவது. சில இன்ஜின்களில், குறிப்பாகச் சில வி8 வகைகளில், கிராங்கின் சமநிலையில் ஒரு பகுதி ஃப்ளைவீலிலேயே வேண்டுமென்று வைக்கப்பட்டிருக்கும். அதைத் தனியாகச் சுற்றிப் பார்த்து "ஒரு பக்கம் கனம்" என்று துளை போட்டுவிட்டால் இன்ஜினே கெட்டது.

அடுத்து டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி). கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். இல்லையென்றால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும். பல கையேடுகள் முகத்தின் ஆட்டத்துக்கு 0.08 மி.மீ. என்று எல்லை வைத்திருக்கின்றன. அதற்கு மேல் காட்டினால் உடனே ஃப்ளைவீலைக் குறை சொல்லாதீர்கள். கழற்றி, ஃப்ளேஞ்சின் மேல் விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். போல்ட் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பிசிறு விரலில் படும். 80 மி.மீ. ஃப்ளேஞ்சின் விளிம்பில் 0.05 மி.மீ. பிசிறு இருந்தாலே 280 மி.மீ. விட்டத்தில் 0.175 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். நைஸ் எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் துடைத்து மறுபடி பூட்டினால் கேஜ் முள் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். லேத் செலவே தேவைப்படாது.

அறிகுறி 5: ஐட்லிங்கில் டொக் டொக் என்று இடி, வேகத்தில் மறைகிறது

பெரும்பாலும் கனெக்டிங் ராடின் பெரிய முனை பேரிங் என்று நினைத்து இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். தளர்ந்த ஃப்ளைவீலும் அச்சாக இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். பிரிக்கும் முன் பழைய மெக்கானிக்குகள் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது: ஐட்லிங்கில் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். இன்ஜின் நிற்கப் போகும் கடைசி நொடியில் மறுபடி ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கனத்த "டங்" கேட்டால் ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. கிளட்சை மிதித்தவுடன் சத்தம் மாறினால் கிராங்கின் முன்பின் நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

திறந்து பார்த்தால் தளர்ச்சி கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும். போல்ட் துளைகளைச் சுற்றியும் டேப்பரின் (கிராங்கின் கூம்பு முனை) மேலும் செம்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற நைஸ் பொடி படிந்திருக்கும். இரும்பும் இரும்பும் நுண்ணளவில் உரசி வந்தது அது. தண்ணீர்த் துரு அல்ல.

ஆஸ்டின் செவன், பழைய மினி போன்றவற்றில் ஃப்ளைவீல் கிராங்கின் டேப்பரில் உட்காருகிறது. அங்கே சுழல் விசையைத் தாங்குவது டேப்பரின் பிடி. கீ என்ற சிறு இரும்புக் கட்டை இடத்தைக் குறிக்க மட்டுமே. டேப்பரைச் சரிசெய்யாமல் புதுக் கீ மட்டும் போட்டு நட்டை இறுக்கினால் கொஞ்ச நாளில் கீயும் நசுங்கும், அது உட்காரும் பள்ளமான கீவேயும் வெடிக்கும். சரியான முறை: கீயை எடுத்துவிட்டு, டேப்பரில் நீல மையை மெல்லிதாகத் தடவி ஃப்ளைவீலை உட்கார வைத்து எடுங்கள். பரப்பில் முக்கால் பங்குக்குக் குறைவாக மை பட்டிருந்தால் நைஸ் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டால் அரை வட்டம் இப்படியும் அப்படியும் தேய்த்து, இடத்தை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். பேஸ்ட்டின் ஒரு துகள்கூட மிஞ்சாமல் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்த்திப் பூட்டுங்கள். நட்டின் முறுக்கு கையேட்டில் சொன்னபடி.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, சுற்றிலும் டவல் பின்கள் (இடம் நகராமல் பிடிக்கும் உருளை ஊசிகள்). அந்த நட்டுக்கு 300 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கு வேண்டும். சாதாரண ரெஞ்ச்சில் குழாய் மாட்டி உத்தேசமாக இறுக்கியதுதான் பல தளர்ச்சிகளுக்குக் காரணம். அதே இடத்தில் மூன்று ஷிம்கள் (மெல்லிய வளையத் தகடுகள்) கிராங்கின் முன்பின் ஆட்டத்தை 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் நிறுத்துகின்றன. ஃப்ளைவீலை மாற்றினால் ஷிம் அளவையும் மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

ஃபோர்டு மாடல் டி இதில் தனி ரகம். ஃப்ளைவீலின் முகத்தில் 16 காந்தங்கள் பூட்டப்பட்டு அதுவே மேக்னெட்டோவாகவும் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கருவி) வேலை செய்கிறது. காந்தத்துக்கும் காயிலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள். கிராங்க் பின்னால் நகர்ந்தால் இடைவெளி கூடி ஸ்பார்க் மெலியும். மேக்னெட்டோவில் ஓடும்போது மட்டும் திணறி, பேட்டரியில் நன்றாக ஓடினால் முதலில் இந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

அறிகுறி 6: ஸ்டார்ட் ஆவதில் தகராறு

ஸ்டார்ட்டர் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் வெறுமனே சுழன்று கத்துகிறது என்றால் ரிங் கியர் பற்களைப் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் எப்போதும் ஏறக்குறைய இரண்டே இடங்களில்தான் நிற்கும். ஆறு சிலிண்டர் மூன்று இடங்களில். தேய்மானமும் அங்கேயே சேரும். ரிங்கைக் கழற்றி நாலு சிலிண்டருக்கு 90 டிகிரி திருப்பிப் போட்டால் புதிய பற்கள் வேலைக்கு வரும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். 200 முதல் 220 டிகிரி சூடு போதும். மெருகேற்றிய இரும்பு வெளிர் வைக்கோல் நிறமாகும். 280 மி.மீ. ரிங் அந்தச் சூட்டில் 0.6 மி.மீ.க்கு மேல் விரியும், தானாக விழுந்து உட்காரும். கையேடு சொல்லாமல் நீல நிறம் வரை சூடாக்கினால் பற்களின் கடினத்தன்மை போய்விடும். பற்களின் சரிவு, ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரமான பினியன் நுழையும் பக்கம் இருக்க வேண்டும்.

வேறு மாடலின் ஃப்ளைவீலைப் போட்டிருந்தால் பற்களை எண்ணுங்கள். பீட்டிலில் 6 வோல்ட் வகைக்கு 109, 12 வோல்ட் வகைக்கு 130. போல்ட் பொருந்தியது என்பதால் பல் பொருந்திவிடாது.

ஹாண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியில் லேசான ஃப்ளைவீல் ஒரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. பிஸ்டன் மேல்முனைக்கு வரும் முன்பே ஸ்பார்க் விழுந்தால் அதைத் தாண்டித் தள்ளும் வேகம் ஃப்ளைவீலில் இல்லை. இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டு முறிவது இப்படித்தான். அட்வான்ஸ் லீவரை முழுதாகப் பின்தள்ளுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள், ஹாண்டிலைச் சுற்றிப் பற்றாதீர்கள். கீழிருந்து மேலாக இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தவே கூடாது.

அறிகுறி 7: நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்கிறது, கிளட்சை மிதித்தால் நிற்கிறது

எடை குறைத்த பின் புதிதாக வந்த சத்தம் என்றால் பெரும்பாலும் பேரிங் அல்ல. ஒரு சுற்றுக்குள் வேகம் ஏறி இறங்குவது இப்போது கியர் பற்கள் வரை போய் அவற்றைத் தட்டுகிறது. ஐட்லிங்கை 100 உயர்த்திப் பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இல்லாத பழைய வகை என்றால் ஸ்பிரிங் உள்ளதாக மாற்றினால் அடங்கும். வேகத்திலும் சத்தம் தொடர்ந்தால் மட்டும் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி 8: டைமிங் குறி பொருந்தவில்லை

குறி ஃப்ளைவீலில் இருக்கும் இன்ஜின்களில் வேறு ஃப்ளைவீலோ, திருப்பிப் பூட்டிய ஃப்ளைவீலோ பொய் சொல்லும். பிளக் துளையில் ஒரு ஸ்டாப்பர் திருகி, கையால் மெல்லச் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தைக் குறியுங்கள். எதிர்த்திசையில் சுற்றி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே மேல்முனை. 280 மி.மீ. விட்டத்தில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 2.44 மி.மீ. சைடு வால்வு இன்ஜினில் பிளக் பல நேரம் வால்வின் மேல் இருக்கும், ஸ்டாப்பர் பிஸ்டனைத் தொடாது. அங்கே ஹெட்டைத் தூக்கி டயல் கேஜ் வைப்பதே நம்பகமானது. மாடல் ஏ போன்றவற்றில் முன்பக்க மூடியில் உள்ள பின்னைத் திருப்பிக் குத்தி கேம் கியரின் குழியில் விழச் செய்து டைமிங் வைப்பதால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அறிகுறி 9: கிளட்ச் சீக்கிரம் சூடேறி வழுக்குகிறது

வழுக்கலில் பிறக்கும் சூட்டை உறிஞ்சுவதும் ஃப்ளைவீலின் வேலை. 10 கிலோவை 6 ஆக்கினால், முன்பு 30 டிகிரி ஏற்றிய அதே சூடு இப்போது 50 டிகிரி ஏற்றும். முகத்தில் நீலத் திட்டுகள், நூல் போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அதன் அடையாளம். முகத்தைக் கடைந்து சுத்தம் செய்யும்போது படி உள்ள ஃப்ளைவீலாக இருந்தால், முகத்தில் 0.3 மி.மீ. எடுத்தால் கவர் உட்காரும் படியிலும் அதே 0.3 எடுக்க வேண்டும். மறந்தால் ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து புதுப் பிளேட்டும் வழுக்கும்.

கடைவது என்று முடிவான பிறகு

முதலில் வெடிப்பு பாருங்கள். கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்லது மணிபோல நீள ஒலிக்கும். செத்த சத்தம் வந்தால் டை பெனிட்ரன்ட் (வெடிப்பைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள். வெடித்தது என்றால் வெல்டிங் யோசனையே வேண்டாம்.

அடுத்து நிலைமத்தை அளந்து எழுதி வையுங்கள். மூன்று சம நீளக் கம்பிகளில், 120 டிகிரி இடைவெளியில் உள்ள கவர் போல்ட் துளைகளிலிருந்து, கம்பிகள் நேர் செங்குத்தாக இருக்கும்படி தொங்கவிடுங்கள். லேசாக, பத்து டிகிரிக்குள் திருகி விட்டால் இப்படியும் அப்படியும் ஆடும். பத்து ஆட்டத்தின் நேரத்தை எடுத்து ஒரு ஆட்டத்துக்கான நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எடை, 9.81, துளை ஆரத்தின் வர்க்கம், அந்த நேரத்தின் வர்க்கம் நான்கையும் பெருக்கி, 39.48-ஐயும் கம்பி நீளத்தையும் பெருக்கி வருவதால் வகுங்கள். 12 கிலோ, 0.12 மீட்டர் ஆரம், 1.5 மீட்டர் கம்பி, பத்து ஆட்டத்துக்கு 20.5 வினாடி என்றால் விடை 0.12. தராசு தராத விவரம் இது.

எடையை எடுக்க வேண்டிய இடம் இன்ஜின் பக்கத்து முதுகின் வெளி விளிம்பு. கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றிய பகுதியையும், கிளட்ச் பிளேட் உரசும் முகத்தின் பின்புறத்தையும், ரிங் கியர் உட்காரும் தோளையும் தொடாதீர்கள். உள் மூலைகளைக் கூராக விடாமல் 3 மி.மீ.க்குக் குறையாத வளைவோடு முடிக்கச் சொல்லுங்கள். வெடிப்பு தொடங்குவது கூர் மூலையில்தான். முதல் தவணையில் நிலைமத்தில் 20 முதல் 25 சதவீதம் போதும். 280 மி.மீ. ஃப்ளைவீலின் விளிம்பு 4000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 58 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அதிலுள்ள இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. வார்ப்பிரும்பு இழுவையில் பலவீனமானது, முன்னறிவிப்பு இல்லாமல் உடையும், உடைந்தால் ஓட்டுபவரின் பாதத்துக்குப் பக்கத்தில் உடையும். பழைய எல்லையைத் தாண்டி இன்ஜினைச் சுற்றும் எண்ணம் இருந்தால் கடைந்த வார்ப்பிரும்பு வேண்டாம், புதிய எஃகு ஃப்ளைவீல் போடுங்கள்.

கடைந்ததும் கவரோடு சேர்த்துப் பேலன்ஸ் செய்ய வேண்டும். ஜி 6.3 பேலன்ஸ் தரத்தில் (எண் சிறுத்தால் கண்டிப்பு அதிகம்) 10 கிலோவுக்கு 4000 ஆர்பிஎம்மில் அனுமதி 150 கிராம்-மி.மீ.; 130 மி.மீ. ஆரத்தில் அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஜி 2.5 கேட்டால் அரை கிராம். இரண்டு மெயின் பேரிங் இன்ஜினுக்கு ஜி 2.5 கேளுங்கள்.

பூட்டும்போது பஞ்ச் குறிகளைச் சேர்த்து, டவல் பின்கள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, எதிரெதிர் வரிசையில் மூன்று தவணையாக இறுக்குங்கள். லாக் பிளேட்டுகள் புதிதாக இருக்கட்டும். கியர்பாக்ஸை ஏற்றும் முன் முகத்தின் ஆட்டத்தை இன்னொரு முறை அளங்கள். இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கைப் புதிய அளவில் நிறுத்தி, இறங்கு நேரத்தை மறுபடி ஐந்து முறை எடுத்துப் பழைய சராசரிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.